செம்பு நினைவிருக்கிறது, சொற்பொழிவு மறந்துவிட்டது

கேள்வி:

ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். நம் முன்னோர் நேட்டாலில் வந்திறங்கிய நாளை நினைவுகூரும் கூட்டத்தில் சென்ற நவம்பரில் இருபது நிமிடம் பேசினேன். கப்பல் வருகை, ஒப்பந்தக் கூலி, 3 பவுன் வரி, 1913-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம், தாய்மொழி கற்பித்த வெர்னாகுலர் பள்ளிகள், இன்றைய தமிழின் நிலை என ஆறு தலைப்புகள், 28 ஸ்லைடுகள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பெற்றோர்களிடம் விசாரித்தால், நான் பேசியதில் ஒன்றுகூட அவர்களுக்கு நினைவில்லை. ஒரு சிறுமி மட்டும், "அந்த நசுங்கின செம்பு இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா, மேம்?" என்று கேட்டாள். ஸ்லைடு மாறத் தாமதமானபோது, என் பூட்டியின் பித்தளைச் செம்பைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னது அது. இந்த ஆண்டும் என்னையே பேச அழைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் 350 பேர் அமரலாம். வருபவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் சில சொற்கள் அளவில்தான் தெரியும். பேச்சை எப்படி அமைத்தால் மனத்தில் நிற்கும்?

ஒரு தமிழாசிரியை, சாட்ஸ்வர்த்

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கேள்விக்கான விடையை அந்தச் சிறுமியே சொல்லிவிட்டாள். நான் செய்யக்கூடியது அதற்கு உரை எழுதுவது மட்டுமே. 28 ஸ்லைடுகளும் மறந்துபோன இடத்தில் ஒரு செம்பு ஏன் நின்றது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது கண்ணுக்குள் வந்து நிற்கக்கூடிய ஒரு பொருள். அது ஒருவருக்குச் சொந்தமானது. அவர் எதிரே நின்று பேசுகிறவரின் பூட்டி. அது நசுங்கியிருந்தது, ஆகவே எப்படி நசுங்கியது என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் தானாக எழுந்து, விடை கிடைக்காமலேயே அங்கு தங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு: ஸ்லைடு மாறாத அந்த அரை நிமிடத்தில் நீங்கள் திரையை மறந்து மனிதர்களைப் பார்த்துப் பேசியிருப்பீர்கள். டர்பனில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டம் உங்களிடம் காது கொடுத்தது அந்த அரை நிமிடத்தில்தான்.

மற்ற நேரம் வீணானதற்குக் காரணம் உங்கள் உழைப்பின் குறைவு அல்ல, மிகுதி. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. மாதக்கணக்கில் படித்துத் தயாரித்த நீங்கள் "3 பவுன் வரி" என்று சொல்லும்போது, அந்த வரியால் மீண்டும் ஒப்பந்தத்துக்குத் தள்ளப்பட்டவர்களும், அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களும் உங்கள் காதில் ஒலிக்கிறார்கள். நாற்காலியில் இருப்பவர் காதில் விழுவது மேசையைத் தட்டும் சத்தம் மட்டும்தான்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20 விழுக்காடு, பார்த்ததில் 30 விழுக்காடு நினைவில் நிற்கும்" என்று ஒரு பட்டியலைப் பயிற்சியாளர்கள் காட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நானும் சில ஆண்டுகள் காட்டியிருக்கிறேன். அந்த எண்களுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் இல்லை. 1946-இல் எட்கர் டேல் வரைந்த கூம்பு வடிவப் படத்தின் மீது பிறகு யாரோ ஏற்றி வைத்த எண்கள் அவை. அவர் வரைந்ததில் ஒரு விழுக்காடுகூடக் கிடையாது. ஆகவே, படங்களைக் கூட்டினால் நினைவும் கூடும் என்ற நம்பிக்கையில் ஸ்லைடுகளை 28-லிருந்து 40 ஆக்கிவிடாதீர்கள். உறுதியாகத் தெரிந்தது வேறு. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்துக் கண்டபடி, மறதி முதல் சில மணி நேரங்களில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்ல மெல்லச் சமநிலை அடைகிறது. மறுநாள் காலைவரை தாக்குப்பிடித்த செய்தி நெடுநாள் நிற்க வாய்ப்புண்டு. எனவே, மண்டபத்தில் கிடைக்கும் கைதட்டலைக் குறியாக வைக்காமல், மறுநாள் காலையில் வந்தவர் ஒருவர் வராத ஒருவரிடம் என்ன சொல்வார் என்பதைக் குறியாக வைத்துப் பேச்சை அமைக்க வேண்டும்.

அப்படிச் சொல்லக்கூடியது ஒரு வாக்கியம்தான் இருக்க முடியும். ஆறு தலைப்புகள் என்பவை ஆறு சொற்பொழிவுகள். அவற்றுள் எதை வைத்துக்கொள்வது என்று தேடுவதற்கு முன், கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதுங்கள். அதற்கு உதவாத எதுவும், எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், இந்த நவம்பரில் வேண்டாம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, பதினாறு வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது என்று உங்கள் மனம் தயங்கும். அவருக்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள். ஆறில் ஒன்றாக மூன்று நிமிடத்தில் அவரைக் கடந்துபோவதைவிட அது அவருக்குச் செய்யும் மரியாதை.

வாக்கியத்தை நீங்களே கண்டுபிடிப்பதுதான் சரி என்றாலும், நான் சொல்வது விளங்க ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு, ஆளை அடையாளம் காண்பதற்காக உடம்பில் உள்ள தழும்புகளையும் அவற்றில் குறித்திருக்கிறார்கள். நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் தழும்பு என்று ஒவ்வொரு உடலையும் படித்து எழுதிய அந்தக் குமாஸ்தாவின் ஏட்டில், அந்தப் பெண்கள் பிள்ளைகளுக்குப் பாடிய பாட்டுக்கு இடமில்லை. இதை வைத்து, "தழும்பை எழுதினார்கள், தாலாட்டை எழுதவில்லை" என்று ஒரு வரி அமைக்கலாம். எழுதப்படாத ஒன்று வாய்வழியாக வந்தால்தான் உண்டு, வராவிட்டால் இல்லை. பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று தனியாகக் கெஞ்ச வேண்டிய தேவையே இராது. இரண்டு சொற்களும் ஒரே எழுத்தின் இனத்தில் தொடங்குவது தற்செயல் அல்ல. அச்சுக்கு முன் பல நூற்றாண்டுகள் மனப்பாடத்திலும் வாழ்ந்த மொழி நம்முடையது. மோனையும் எதுகையும் அழகுக்காக மட்டும் அதில் இல்லை, மறக்காமல் இருப்பதற்காகவும் இருக்கின்றன. தமிழ் தெரியாத பாதிப் பேரும் அந்த இரண்டு சொற்களையாவது வாயில் போட்டுக்கொண்டு போவார்கள்.

எண்களைப் பற்றி ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் இருந்தார்கள். 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். இரண்டாவது எண்ணைப் பேச்சில் சொல்லவே வேண்டாம், அது துண்டுப் பிரசுரத்தில் அச்சாக வேண்டியது. முதல் எண் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உங்கள் மண்டபத்தில் 350 நாற்காலிகள் என்கிறீர்கள். "உங்கள் வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள், கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள், இவ்வளவு பேர்தான் அந்தக் கப்பலில்" என்று சொல்லிவிட்டு ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள். அதே போலத்தான் 3 பவுன் வரியும். 1895-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு எண், நடைமுறைக்கு வந்த தேதி எதுவும் எவருக்கும் ஒட்டாது. ஓர் ஆண் கூலிக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து இந்த நாட்டில் சுதந்திரமாக இருக்க நினைத்தவன், அந்தச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலியை ஒவ்வோர் ஆண்டும் வரியாகக் கட்ட வேண்டும். இதைக் கேட்டு எந்தத் தகப்பனும் தன் சம்பளத்தை மனத்துக்குள் கணக்குப் போடாமல் இருக்க மாட்டார்.

தொடக்கத்துக்கு வருவோம். நம் மேடைகளில் முதல் மூன்று நிமிடங்கள் தலைவர், செயலாளர், பொருளாளர், புரவலர், அவர்தம் துணைவியார் என்று வணங்குவதில் போய்விடுகின்றன. கேட்பவரின் கவனம் மிகக் கூர்மையாக இருக்கும் நேரம் அது. அதைப் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுப்பது பெரிய விரயம். "ஆல் ப்ரோட்டோகால் அப்சர்வ்ட்" என்று ஒரே வரியில் எல்லாரையும் வணங்கி முடித்துவிடும் வழக்கத்தை இந்த நாட்டு மேடை நமக்குத் தந்திருக்கிறது, தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே பேச்சு எதைப் பற்றியது என்று தெரிந்துவிட வேண்டும். பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, துணி என்ற சொல்லே வராமல் எழுதி, சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். இது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே அறிந்தவர்கள், அறியாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பை அறிந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சஸ்பென்ஸ் வைக்கிறேன் என்று பேச்சின் கருவைக் கடைசிவரை மறைத்து வைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் பெற்றுவிட்ட நம் தெருக்கூத்தில், வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்றபடியே தாம் இன்னார் என்று பாடி அறிவிப்பார்; திரை விலகுவது அதற்குப் பிறகுதான். கூத்தாடிகள் அந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை.

நடுப்பகுதியில் மூன்று கட்டங்கள் போதும்: பட்டியல், வயல், அந்திப்பொழுது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் கேட்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள். "அடுத்ததாக நாம் பார்க்க இருப்பது" என்று சொல்லும்போது பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். இதற்கு அந்தாதி முறையை மிஞ்சிய மருந்தை நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வருவது போல, முதற்கட்டத்தை "அன்று முதல் அவள் ஓர் எண்" என்று முடித்தால், இரண்டாவதை "எண்ணாக இருந்தவள் விடியுமுன் கரும்புக்குள் இறங்கினாள்" என்று தொடங்கலாம். அதை "இருட்டியபின் திரும்பி வந்து பிள்ளையை மடியில் போட்டுப் பாடினாள்" என்று முடித்தால், மூன்றாவது "பாடினாள், அதை எவரும் எழுதிக்கொள்ளவில்லை" என்று தானாகத் தொடங்கும். இப்படிப் பிணைத்தால் குறிப்பு அட்டைகூடத் தேவைப்படாது, ஏனென்றால் ஒரு சொல்லே அடுத்ததை இழுத்து வரும். கதைத் தொடர்ச்சியின் வலிமை சாதாரணமானதல்ல. போவரும் கிளார்க்கும் 1969-இல் நடத்திய சோதனையில், பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல்களைக் கொடுத்து, ஒரு குழுவை ஒவ்வொரு பட்டியலையும் ஒரு சிறு கதையாகக் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். இறுதியில் கதையாகக் கோத்தவர்கள் 93 விழுக்காடும், வெறுமனே படித்தவர்கள் 13 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: உங்கள் பூட்டியைப் பற்றி வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டதை மட்டும் சொல்லுங்கள். செம்பு எப்படி நசுங்கியது என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். இட்டுக்கட்டிய கதையை உறவுக்காரர் ஒருவர் மண்டபத்திலேயே திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

மொழிச் சிக்கலில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் உடனுக்குடன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது இரு சாராரையும் சோர்வடையச் செய்யும்; தமிழ் தெரிந்தவர் இரண்டு முறை கேட்கிறார், தெரியாதவர் பாதி நேரம் காத்துக் கிடக்கிறார். கதையை அவர்கள் எந்த மொழியில் சிரிப்பார்களோ, எந்த மொழியில் அழுவார்களோ அந்த மொழியில் சொல்லுங்கள். டர்பனில் அது பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் அந்த ஒரு வரியைத் தமிழில் மட்டுமே சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சொல்லுங்கள், முதல் முறை சொல்லும்போது தழும்பைத் தொட்டுக் காட்டியும் தாலாட்டும் கையை ஆட்டிக் காட்டியும் பொருளை விளக்கிவிடுங்கள். மூன்றாவது முறை, நீங்கள் "தழும்பை எழுதினார்கள்" என்று நிறுத்தினால், மீதியை மண்டபமே சொல்லும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் செய்யும் வேலையைக் கேட்பவர்களிடம் ஒப்படைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஸ்லைடுகளைப் பற்றிச் சொல்ல, நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில், விபத்துக்கு முந்தைய எச்சரிக்கைகளை மேற்பார்வையாளர்கள் எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று பேசப் போயிருந்தேன். கையில் 31 ஸ்லைடுகள். பதினோராவது ஸ்லைடில் லோட் ஷெடிங். புரொஜெக்டர் அணைந்து, ஏசி நின்று, சன்னல்களைத் திறந்த பிறகு, வேறு வழியில்லாமல் ஒரு கதையைச் சொன்னேன்: இரவு ஷிஃப்ட் முடித்த ஓட்டுநர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் "பிரேக் லூஸ்" என்று இரண்டே சொற்கள் எழுதிவிட்டுப் போனதும், காலையில் வந்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலேயே வண்டியை எடுத்ததும். மூன்று மாதம் கழித்து அங்கே போனபோது, காவலாளி வரை எல்லாரும் என்னை "பிரேக் லூஸ்" என்றுதான் அழைத்தார்கள். முதல் பத்து ஸ்லைடுகளில் என்ன இருந்தது என்று எனக்கே நினைவில்லை. எழுத்து நிறைந்த திரையைக் காட்டிக்கொண்டே பேசினால், கேட்பவர் மனத்துக்குள் ஒன்றை வாசித்துக்கொண்டு காதால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கின்றன. உங்களுக்கு மூன்று படங்கள் போதும்: பட்டியலின் ஒரு பக்கம், கரும்புத் தோட்டம், செம்பு. மற்ற நேரத்தில் திரை கருப்பாகவே இருக்கட்டும். பவர்பாயின்டில் விசைப்பலகையின் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை அணையும், மீண்டும் அழுத்தினால் வரும்.

முடிவுக்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியாவில், ரிவோனியா வழக்கின் குற்றவாளிக் கூண்டில் நின்று நெல்சன் மண்டேலா ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாசித்தார். அதில் போராட்டத்தின் வரலாறு இருந்தது, நாசவேலையை ஏன் தேர்ந்தார்கள் என்ற விளக்கம் இருந்தது, கம்யூனிஸ்டுகளோடு இருந்த உறவைப் பற்றிய வாதம் இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதியை நேராகப் பார்த்து, தாம் போற்றும் இலட்சியத்துக்காகத் தேவைப்பட்டால் உயிரையும் விடச் சித்தமாயிருப்பதாகச் சொல்லி அமர்ந்தார். உலகம் வைத்துக்கொண்டது அந்தப் பத்தியைத்தான். அதற்குப் பிறகு அவர் "ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கு நன்றி" என்று தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாகக் கேட்டதுதான் காதில் தங்கும் என்பதால், நன்றி சொல்வதையும் கேள்விகள் வாங்குவதையும் முன்பே முடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியைக் கடைசியாக வைத்து, அதன் பிறகு ஒரு சொல்லும் பேசாமல் இருக்கைக்குத் திரும்புங்கள். நன்றியுரைக்கு வேறொருவர் இருப்பார், எப்போதும் இருக்கிறார்கள்.

ஒத்திகையைப் பற்றிச் சுருக்கமாக: முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் நான்கு வாக்கியங்களையும் கடைசி மூன்றையும் மட்டும் செய்யுங்கள். கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதால் பயன் குறைவு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவரை உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். அன்றைக்கு எதையும் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் வேலிக்கு மேலே, "நேற்று நான் என்னதான் சொன்னேன், ஆன்ட்டி?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையில் அந்த வரி இல்லையென்றால், குறை அவரிடம் இல்லை. ஒரு கட்டத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

செம்பை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புளி போட்டுத் துலக்காமல், இருக்கிறபடியே மேடைக்குக் கொண்டுவாருங்கள். பேசும்போது அதைக் கூட்டத்துக்குள் கைமாற விடாதீர்கள். எல்லாக் கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடும். ஒரு முறை கையில் எடுத்துக் காட்டிவிட்டு வைத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் அதைத் தேநீர் மேசையில் வையுங்கள். தாமதமாக வந்தவர்கள், வெளியே நின்றிருந்தவர்கள், சமையற்கட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்து இது என்னவென்று கேட்பார்கள். படித்ததை மீண்டும் படித்தவர்களைவிட, ஒரு முறை தாமே நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். ஆகவே, கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்லாமல் வடையை எடுத்துக்கொண்டு சற்று ஒதுங்கி நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும்.